ஆராய்ச்சி மணியும் பிழைச் செய்தியும்

ஆராய்ச்சி மணியின் கதையை அறியாத தமிழ் மாணவர் எவரும் இரார். சோழனின் அரண்மனை வாயிலில் ஒரு மணி தொங்கியது. கன்றை இழந்த பசு அதை அசைத்தது. அரசன் எழுந்து வந்தான்; முறை செய்தான். சிறு வயதில் இக்கதையைக் கேட்டபோது அரசனின் நீதியை நினைத்து வியந்தேன். இப்போது எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது. அந்த மணி நாள்தோறும் நாற்பது முறை ஒலித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? காற்று வீசினாலும் மணி, காக்கை அமர்ந்தாலும் மணி, அடுக்களையில் உப்புத் தீர்ந்தாலும் அதே மணி என்றிருந்தால், பசு வந்து அசைத்த அன்று அரசன் எழுந்து வந்திருப்பானா?

வந்திருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன். அவன் நீதி குறைந்தவன் என்பதால் அன்று. மணி தன் மதிப்பை இழந்திருக்கும் என்பதால்.

இன்று நம் மேசையிலும் கையிலும் உள்ள கணிப்பொறிகள் ஓயாமல் மணி அடிக்கின்றன. ‘பிழை நேர்ந்தது’ என்கின்றன, ‘எச்சரிக்கை’ என்கின்றன, ‘தொடரலாமா?’ என்று கேட்கின்றன. நாமோ படிப்பதில்லை. ‘சரி’ என்னும் பொத்தானை அழுத்திவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். ஏன் படிப்பதில்லை? படிக்கச் செய்வது எப்படி? இவ்விரு கேள்விகளையும் இங்கே ஆராய்வோம். இவற்றுக்கு விடையை நூல்களில் கற்பதற்கு முன்பே என் வீட்டில் கற்றேன். ஆதலால் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

அத்தை இழந்த பணம்

நான் பன்னிரண்டாம் வயதில் நெல்லைச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்தவன். தாராவியில் அத்தை வீட்டில் வளர்ந்தேன். அத்தை விடியுமுன் எழுந்து இட்டிலி அவிப்பார். மாமா அதைப் பெரிய பாத்திரத்தில் அடுக்கிச் சைக்கிளில் ஏற்றி, மாதுங்கா வரை கொண்டுபோய் விற்று வருவார். அந்த வருவாயில்தான் இன்று நான் இயற்பியலில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன்.

இட்டிலி வாங்குவோர் சில்லறை தருவதை விட்டுக் கைப்பேசி வழியே பணம் அனுப்பத் தொடங்கியபோது, அத்தைக்கும் ஒரு கைப்பேசி வாங்கினோம். பணம் பெறும் செயலியை நான்தான் அமைத்துக் கொடுத்தேன். அதன் மொழி ஆங்கிலமாகவே இருந்தது. தமிழுக்கு மாற்றும் வசதி அதிலேயே உண்டு. எனக்கு அது தோன்றவில்லை. அத்தை ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். ஆங்கில எழுத்து அறியாதவர்.

2025 ஏப்ரலில் ஒருநாள், முன்பின் தெரியாத ஒருவன் அத்தையை அழைத்தான். வீட்டு விசேஷத்துக்கு 400 இட்டிலி வேண்டும் என்றான். முன்பணம் அனுப்புவதாகவும், திரையில் ஒரு செய்தி வரும், அதை ஏற்றுப் பின் நம்பரைப் போட்டால் பணம் வந்துவிடும் என்றும் சொன்னான். செய்தியும் வந்தது. ‘இவர் உங்களிடம் பணம் கேட்கிறார்’ என்பது அதன் பொருள். ‘தருகிறார்’ என்று அன்று, ‘கேட்கிறார்’ என்று. அத்தை பொத்தானை அழுத்தி எண்ணைப் போட்டார். பணம் வரவில்லை, போயிற்று.

மூன்று நாள் வரை அத்தை யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அரிசிக் கடைக்குக் கொடுக்கப் பணம் இல்லாதபோதுதான் வெளிப்பட்டது. நான் சினந்தேன். “திரையில் எழுதித்தானே இருந்தது, அத்தை? படிக்காமல் யாராவது அழுத்துவார்களா?” என்று கேட்டேன்.

“ஏலே, இது நாள் பூரா அடிச்சுக்கிட்டேதான் கெடக்கு. தள்ளுபடின்னு ஒண்ணு வருது. புதுசா மாத்தணும்னு ஒண்ணு வருது. எல்லாத்துக்கும் நீ சொல்லித்தந்த மாதிரி அந்த நீலப் பொத்தானைத்தான் அமுக்குதேன். இதுல எது களவாணி அடிச்ச மணின்னு நான் எப்படிக் கண்டேன்?”

“சரி, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?”

“நீ ஏசுவேன்னுதான்.”

அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை. இவ்வகை மோசடி நிகழ்ந்தால் 1930 என்னும் எண்ணை உடனே அழைத்து முறையிட வேண்டும். விரைந்து சொன்னால்தான் பணம் கைமாறிப் போகுமுன் தடுத்து நிறுத்த வழியுண்டு. மூன்று நாள் கழித்துச் சொன்னோம். பணம் திரும்பவில்லை.

மணி கட்டியவனே கேளாத கதை

அத்தையைக் கடிந்துகொண்ட நானே இரண்டு மாதங்களுக்குள் அதே பிழையைச் செய்தேன். செம்பூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில், ஒரு பொருளைக் குளிரச் செய்து அதன் மின்தடை எவ்வாறு மாறுகிறது என்று இரவுதோறும் அளந்துவந்தேன். அளவைக் கருவியிலிருந்து எண்களை வாங்கிப் பதியும் நிரலை நானே எழுதியிருந்தேன். கருவி விடை சொல்லச் சற்றுத் தாமதித்தாலும் ‘எச்சரிக்கை’ என்று ஒரு வரி திரையில் ஓடும். ஓர் இரவில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடின. அவற்றால் தீங்கு ஏதும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஓர் இரவு, பதியும் வட்டு நிறைந்துவிட்டது. ‘எழுத இடமில்லை’ என்ற செய்தி வந்தது. அதே நிறம், அதே எழுத்து, அதே ‘எச்சரிக்கை’. நிற்க வேண்டிய இடத்தில் நிரல் நிற்காமல், செய்தியைக் காட்டிவிட்டுத் தொடரும்படி நான்தான் எழுதியிருந்தேன். காலையில் திரையைப் பார்த்தேன், பார்த்தும் படிக்கவில்லை. ஒன்பது இரவுகளின் அளவுகள் பதியாமல் போயின.

அத்தைக்காவது ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும். அத்தை அந்தச் செயலியை எழுதியவர் அல்லர். இந்த நிரலை எழுதியவனே நான். மணி கட்டியவனும் நான். அதைக் கேளாதவனும் நான். ‘படிக்காதவர்கள்தாம் படிக்காமல் அழுத்துவார்கள்’ என்று அதுவரை கொண்டிருந்த எண்ணத்தை அன்று விட்டேன்.

பழக்கம் என்னும் திரை

இதற்குக் காரணம் என்ன? உயிர்களுக்கெல்லாம் பொதுவான ஓர் இயல்பே காரணம். மீண்டும் மீண்டும் வந்து, நன்மையும் தீமையும் செய்யாமல் போகும் எதையும் மனம் கவனியாது விட்டுவிடும். இதை உளநூலார் பழகிப்போதல் என்பர். தாராவியின் ஒருபுறம் மாகிம், மறுபுறம் சயான். இருபுறமும் இரயில் பாதைகள். ஊரிலிருந்து வரும் விருந்தினர் முதல் இரவு உறங்குவதில்லை. நாங்கள் அந்த ஓசையைக் கேட்பதே இல்லை. காது கேட்கிறது, மனம் கேட்பதில்லை. இது குறை அன்று. இவ்வியல்பு இல்லாவிட்டால் மும்பையில் ஒருவரும் உறங்க முடியாது. ஆனால் பிழைச் செய்தியும் இரயில் ஓசையைப்போல் ஆகிவிட்டால், ஆபத்து நேரும் அன்றும் மனம் உறங்கும்.

இவ்வாறு உறங்கியதால் உயிர்களே போன நிகழ்ச்சி ஒன்று உண்டு. ‘தெராக்-25’ என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அளிக்கும் கருவி, கணிப்பொறியால் இயங்குவது, கனடாவில் செய்யப்பட்டது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்கருவி ஆறு நோயாளிகளுக்கு அளவு கடந்த கதிர்வீச்சைச் செலுத்திவிட்டது. 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் நடந்ததைக் கேளுங்கள். கருவி நின்றது. திரையில் ‘மால்பங்ஷன் 54’ என்று தோன்றியது. கோளாறு எண் 54 என்பது அதன் பொருள். அந்த 54 இன்னது என்று இயக்குநருக்கு விளங்கும்படி கையேட்டில் விளக்கம் இல்லை. ‘பி’ என்னும் ஒரே விசையை அழுத்தினால் கருவி தொடரும். அவர் அழுத்தினார். நோயாளியின் உடலில் இரண்டாம் முறையும் கதிர் பாய்ந்தது. சில மாதங்களில் அவர் இறந்தார். அடுத்த மாதமே அதே ஊரில், அதே எண் 54 தோன்றி, மற்றொரு நோயாளியும் அளவு கடந்த கதிர்வீச்சுக்கு ஆளாகிப் பின்னர் உயிரிழந்தார்.

இயக்குநர் கவனமற்றவர் என்று சொல்லிவிடலாமா? சொல்லக்கூடாது. அக்கருவி சிறு சிறு தடங்கல்களைக் காட்டி அடிக்கடி நிற்கும். சில நாட்களில் 40 தடங்கல்கள் வரை வந்ததுண்டு என்று அக்கருவியை இயக்கிய ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ‘பி’யை அழுத்தினார்கள், ஒவ்வொரு முறையும் ஒன்றும் நேரவில்லை. ‘அழுத்து, ஒன்றும் ஆகாது’ என்று கருவியே அவர்களுக்குப் பாடம் கற்பித்துவிட்டது. நான்சி லெவிசன், கிளார்க் டர்னர் ஆகிய இருவரும் இந்நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 1993இல் எழுதினர். அடிப்படைப் பிழை கருவியின் நிரலில் இருந்தது. முந்தைய கருவியில் தீங்கைத் தடுத்துவந்த தனித் தடுப்பமைப்புகளும் இதில் நீக்கப்பட்டிருந்தன. எண் 54 என்னும் செய்தியோ, அந்தத் தீங்கைச் சொல்ல வந்து சொல்லாமல் போனது.

செய்தி இப்படி ஆனது ஏன்?

54 என்று ஒரு செய்தியை எழுதியவர் யாருக்காக எழுதினார்? தமக்காகவே எழுதினார் என்பதுதான் விடை. இதை விளக்க நம் மும்பையிலேயே ஒரு வரலாறு உண்டு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ‘டிஃப்ராக்’ என்னும் கணிப்பொறியை இந்நகரில் உருவாக்கியது. அது 1960இல் முறையாகப் பணியில் இறங்கியது; 1962இல் நேரு அதற்குப் பெயர் சூட்டினார். அதைச் செய்த குழுவை நடத்தியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். ஒவ்வொன்றும் 40 இரும இலக்கங்கள் கொண்ட 2,048 எண்களைத்தான் அதன் நினைவகம் தாங்கும். அத்தகைய பொறிகளின் காலத்தில், செய்தவர்களும் அறிஞர்கள், பயன்படுத்தியவர்களும் அறிஞர்கள். பொறி நின்றால் ஏன் நின்றது என்று ஆராய்வதே அவர்களின் தொழில். அவர்களுக்கு ஓர் எண் போதும்.

காலம் மாறியது. கணிப்பொறி எழுத்தரிடம் வந்தது, கடைக்காரரிடம் வந்தது, இன்று இட்டிலி அவிக்கும் அத்தையின் முந்தானை முடிச்சுக்கு அருகில் இருக்கிறது. பயன்படுத்துவோர் மாறினர், செய்தியின் மொழி அந்த அளவு மாறவில்லை. ‘விண்டோஸ் 95’ காலத்தில் ஒரு செய்தி உலகெங்கும் புகழ்பெற்றது. நிரல் ‘இல்லீகல்’ செயல் ஒன்றைச் செய்துவிட்டது, ஆகவே மூடப்படும் என்று அது சொல்லும். பொறி ஏற்க முடியாத கட்டளை என்பதே எழுதியவர் கருதிய பொருள். படித்தவருக்கோ ‘சட்டவிரோதம்’ என்று பட்டது. ஒன்றும் அறியாதவரைக் குற்றவாளிபோல் நடுங்கச் செய்யும் செய்தி, அவரைத் திருத்தாது, மறைக்கத்தான் செய்யும். என் அத்தை மூன்று நாள் மறைத்ததை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவரை மறைக்கச் செய்தது செயலியின் சொல் அன்று, என் சொல்.

படிக்கச் செய்வது எப்படி?

மும்பையில் ஊர்திகளின் ஓசைக்குப் பஞ்சமில்லை. ஆயினும் மாமா தம் சைக்கிளில் கட்டியுள்ள ரப்பர் ஊதலை இருமுறை அழுத்தினால், மாதுங்காவில் நான்காம் மாடியிலிருந்தும் பாத்திரத்துடன் இறங்கி வருகிறார்கள். நூறு ஓசைகளுக்கிடையே இந்த ஓசை மட்டும் எப்படிக் காதில் விழுகிறது? அது ஒரே பொருளைத்தான் சொல்கிறது. சொல்வது எப்போதும் உண்மை. கேட்டவர் உடனே செய்யத்தக்கது ஒன்று உண்டு. இம்மூன்றும் உள்ள செய்தியை மனிதர் கேட்கிறார்கள்.

இது வெறும் உவமை அன்று. அளந்து பார்த்த உண்மையும் உண்டு. தேவதத்த அக்காவே, ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட் என்னும் இருவர், இணைய உலாவிகளில் தோன்றிய 2.5 கோடிக்கு மேற்பட்ட எச்சரிக்கைகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். ஒரு தளத்தின் பாதுகாப்புச் சான்று சரியில்லை என்ற எச்சரிக்கையை, ‘குரோம்’ உலாவியில் 70 விழுக்காடு மீறிச் சென்றார்கள். ‘ஃபயர்பாக்ஸ்’ உலாவியில் 33 விழுக்காடுதான். மக்கள் எதையும் படிக்கமாட்டார்கள் என்பது உண்மையானால், இரண்டும் ஒன்றாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? எச்சரிக்கை எவ்வடிவில் வருகிறது என்பது மக்களின் செயலைப் பெரிதும் மாற்றுகிறது என்பதே அவர்கள் கண்ட முடிவு.

பின்னர் குரோமின் எச்சரிக்கையைத் திருத்தி எழுதி 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். பாதுகாப்பான வழியைப் பெரிய பொத்தானாக வைத்தார்கள். ஆபத்தான வழியைச் சிறு எழுத்தில் பின்னால் வைத்தார்கள். பாதுகாப்பான வழியில் திரும்பியவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடினர். ஆனால் எச்சரிக்கையின் பொருளை மக்களுக்கு நன்கு விளங்கவைக்கும் முயற்சியில் தாங்கள் வெற்றிபெறவில்லை என்றும் அவ்வாராய்ச்சியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். விளங்கச் செய்வது அரிது. வழியைச் செம்மை செய்வது எளிது.

இவற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டிய விதிகள் நான்கு.

முதலாவது, மணி அரிதாக ஒலிக்க வேண்டும். பயன்படுத்துபவர் செய்யவேண்டியது ஒன்றும் இல்லையென்றால், அவரை நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, என்ன நேர்ந்தது, அதனால் என்ன ஆகும், இனி என்ன செய்வது என்னும் மூன்றையும் அவர் மொழியில் சொல்ல வேண்டும். ‘பிழை 54’ செய்தி ஆகாது. ‘வட்டு நிறைந்துவிட்டது, அளவுகள் பதியவில்லை, பழைய கோப்புகளை அகற்றுங்கள்’ என்பது செய்தி.

மூன்றாவது, தீங்கு தரும் செயலுக்கும் தீங்கற்ற செயலுக்கும் ஒரே பொத்தான் இருத்தலாகாது. ‘தள்ளுபடி’க்கும் பணத்துக்கும் அதே நீலப் பொத்தான் என்றால், கை தானாகவே போகும்.

நான்காவது, எச்சரிப்பதைவிட ஆபத்தையே அகற்றுவது மேல். இதற்குச் சான்றும் அருகிலேயே இருக்கிறது. தாராவிக்கு அப்பால், மித்தி ஆற்றின் மறுகரையில் உள்ள பாந்திரா-குர்லா வளாகத்தில்தான் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் இருக்கிறது, 2016இல் யு.பி.ஐ. முறையைக் கொண்டுவந்தது அதுவே. தனிமனிதர் ஒருவர் மற்றொருவரிடம் ‘பணம் தா’ என்று கோரிக்கை அனுப்பும் வசதியை, மோசடிகளைக் கருதி, 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிடும்படி அக்கழகம் வங்கிகளுக்கும் செயலிகளுக்கும் ஆணையிட்டது. அத்தையை ஏமாற்றிய வாயில் இப்போது அடைக்கப்பட்டுவிட்டது. ஆயிரம் எச்சரிக்கைகள் செய்யாததை ஒரு கதவடைப்பு செய்யும். ஆயினும் கள்வர் வேறு வாயில் தேடுவர். ஆகவே மற்ற மூன்று விதிகளும் நமக்கு என்றும் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

நண்பர்களே, இச்சங்கத்தில் உள்ள நம்மில் பலர் நாளை நிரல் எழுதுவோம். எழுதும்போது, படிக்கப்போகிறவர் நம் பேராசிரியர் அல்லர், நம் அத்தை என்று எண்ணி எழுதுவோம். நான் என் ஆய்வு நிரலைத் திருத்திவிட்டேன். முப்பதுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகளில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அம்மூன்றும் வந்தால் நிரல் நின்றுவிடும். ஏன் நின்றது என்று தமிழில் ஒரு வரி சொல்லும். கூடத்தில் என் பக்கத்தில் அமரும் மராத்தி நண்பர், “அது என்ன எழுத்து?” என்று கேட்டார். கேட்டதே போதும், கவனித்துவிட்டார் அன்றோ? அவருக்காக மராத்தியிலும் ஒரு வரி சேர்த்தேன்.

நிரல் எழுதாதவர்க்கும் பணி உண்டு. தாராவியிலும் செம்பூரிலும் மாதுங்காவிலும் உள்ள ஒவ்வொரு தமிழ் வீட்டிலும், ‘கணிப்பொறி தெரிந்த பிள்ளை’ என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அது நாமே. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பெரியவர்களின் கைப்பேசியைத் தமிழுக்கு மாற்றுங்கள். விளம்பர மணிகளையெல்லாம் நிறுத்துங்கள். வங்கியின் மணி மட்டும் ஒலிக்கட்டும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டியதில்லை என்பதைச் சொல்லுங்கள். தவறு நேர்ந்தால் அக்கணமே உங்களிடம் சொல்லலாம், நீங்கள் ஏசமாட்டீர்கள் என்று வாக்குக் கொடுங்கள். இந்த வாக்கே எல்லாவற்றிலும் முதன்மையானது.

நான் இவற்றைச் செய்த அன்று, அத்தை கைப்பேசியை வாங்கித் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். பிறகு, “ஏலே, நம்பரு போட்டா காசு போவும். காசு வாறதுக்கு நம்பரு எதுக்கு? இத அன்னைக்கே இப்படிச் சொல்லியிருந்தா வெளங்கியிருக்குமே” என்றார்.

போன மாதம் நள்ளிரவில் அத்தை என்னை எழுப்பினார். கைப்பேசியில் ஏதோ செய்தி வந்திருந்தது. வங்கியின் பெயரைப் போலத் தோன்றும் ஒரு பொய்ப் பெயரிலிருந்து வந்தது. அத்தை எதையும் அழுத்தவில்லை. “இது புதுசா இருக்கு, நீ பாரு” என்று நீட்டினார். தூக்கம் கலைந்தாலும் எனக்கு மகிழ்ச்சியே. மணி ஒலித்தது; அத்தை கேட்டார்; என்னிடம் சொல்லவும் அவருக்கு அச்சம் இல்லை.